பேட்டன்ட் ஏஜென்ட் என்றொரு தொழில்

கல்கத்தாவில் கிரான்ட்ஸ் லேன் 7ஆம் எண்ணில் இருந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் ஒரு சிவில் இன்ஜினீயர். 1856 மார்ச் 3ஆம் தேதி அவர் அரசாங்கத்துக்கு ஒரு மனு போட்டார். பங்கா இழுக்க நல்லதொரு இயந்திரம் செய்திருக்கிறேன், அதன் உரிமை எனக்கு மட்டுமே வேண்டும் என்பது மனுவின் சாரம். மின்விசிறி வராத காலம். துரைமார் வீடுகளிலும் கச்சேரிகளிலும் கூரையிலிருந்து பெரிய துணிப் பங்கா தொங்கும். அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். அவர் கண் அசந்தால் உள்ளே துரைக்கு வியர்க்கும். அந்த ஆளுக்குப் பதில் ஓர் இயந்திரம் என்பதுதான் டிபென்னிங்கின் யோசனை. செப்டம்பர் 2ஆம் தேதி படங்களோடு முழு விவரக் குறிப்பையும் தாக்கல் செய்தார். அந்த ஆண்டுதான் வந்திருந்த 6ஆம் எண் சட்டப்படி அது ஏற்கப்பட்டது. இந்தியாவில் ஒரு கண்டுபிடிப்புக்குச் சட்டம் கொடுத்த முதல் பாதுகாப்பு அது.

இயந்திரம் வந்ததால் பங்கா இழுப்பவர்களின் வேலை போய்விடவில்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் அவர்கள் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இயந்திரம் மறக்கப்பட்டது, அதற்காக அவர் எழுதிக்கொடுத்த காகிதங்களிலிருந்து ஒரு தொழில் முளைத்தது. 1856ஐத் தொடக்க ஆண்டாகக் கொண்ட டிபென்னிங் அண்ட் டிபென்னிங் என்ற காப்புரிமை நிறுவனம் இன்றும் இருக்கிறது, அதுவும் சென்னையில்.

தொழில் பிறந்த மறுவருடமே அதற்கு ஒரு கண்டம். 1856 சட்டத்தை பிரிட்டிஷ் முடியின் ஒப்புதல் பெறாமலே இயற்றிவிட்டார்கள் என்று தெரியவர, 1857இல் அதை ரத்து செய்தார்கள். 1859இல் 15ஆம் எண் சட்டமாகத் திரும்ப வந்தது. வந்தபோது சில மாற்றங்களும் கூடவே வந்தன. வெளிநாட்டில் யாரோ கண்டுபிடித்ததை இங்கே கொண்டுவந்து இறக்கியவரையும் முந்தைய சட்டம் கண்டுபிடிப்பாளர் கணக்கில் சேர்த்திருந்தது. புதிய சட்டம் அவரை வெளியே தள்ளியது. பிறகு 1872, 1883, 1888 என்று சட்டங்கள் அடுக்கடுக்காக வந்தன. 1911 சட்டம் அவற்றையெல்லாம் விழுங்கி, காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் என்ற பதவியையும் கல்கத்தாவில் ஓர் அலுவலகத்தையும் தந்தது. இந்தத் தொழிலின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களை வைத்து எழுத முடியாது. சட்டம் திருந்திய ஒவ்வொரு முறையும் இது பெருத்திருக்கிறது, அல்லது மெலிந்திருக்கிறது. விஞ்ஞானம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வரலாமா என்று யோசிக்கிற இளைஞர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று தோன்றுகிறது.

அப்படி என்னதான் வேலை? கோவையில் ஒருவர், மாவை வழிப்பதற்காகச் சாய்த்துக்கொள்ளும் கிரைண்டரை முதல்முதலாகச் செய்துவிட்டு ஏஜென்டிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரைபடம், விவரிப்பு எல்லாம் எழுதி முடித்து, கடைசியில் ‘கிளெய்ம்’ எழுத வேண்டும். உரிமையின் எல்லையைச் சொல்வது அந்தப் பகுதிதான். ஒவ்வொரு கிளெய்மும், எத்தனை வரி நீண்டாலும், ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது மரபு. ‘மூன்று கருங்கல் உருளைகள் பொருத்தி, கைப்பிடியைத் திருப்பினால் சாயும் பாத்திரம்’ என்று எழுதினால் போச்சு. பக்கத்துப் பட்டறைக்காரர் இரண்டு உருளை வைத்து விற்பார். அவர்மேல் கேஸ் நிற்காது. சரி, அகலமாகவே கேட்போம் என்று ‘சாய்க்கக்கூடிய பாத்திரமுள்ள எந்த அரைவை இயந்திரமும்’ என்று எழுதினால், எங்கோ ஒரு நாட்டில் முப்பது வருடத்துக்கு முன் பதிவான ஏதோ ஒரு மருந்து அரைக்கும் இயந்திரத்தைப் பரிசோதகர் எடுத்துப் போட்டு நிராகரித்துவிடுவார். உருளையின் எண்ணிக்கையை விட்டுவிடலாமா, சாய்வு எந்த அச்சில் நிகழ்கிறது என்பதைச் சேர்க்கலாமா என்று வார்த்தை வார்த்தையாக நகர்வதில்தான் ஏஜென்டின் சாமர்த்தியம் இருக்கிறது. கிரைண்டர் செய்தவருக்கு இந்தத் தலைவலி புரியாது. சட்டம் மட்டும் படித்தவருக்கு உருளை ஏன் மூன்று என்பது புரியாது. இரண்டு பேருக்கும் நடுவே ஓர் ஆள் தேவைப்பட்டது.

1911 சட்டத்தின் காலத்தில் அந்த ஆளுக்கு வேலை கொடுத்தவர்கள் பெரும்பாலும் கடல் கடந்தவர்கள். இந்திய விஞ்ஞானிகளுக்கோ அதற்கு முன்பிருந்தே காப்புரிமை என்றாலே ஒரு கூச்சம். ஜகதீஷ் சந்திர போஸின் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ரேடியோ அலைகளைப் பிடிக்கும் கருவிக்கு 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904 மார்ச் 29ஆம் தேதி 7,55,840 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதற்கும் அவருடைய தோழி சாரா புல் முன்னின்று வற்புறுத்த வேண்டியிருந்தது. ஆவணத்தில் உரிமையில் பங்கு பெற்றவராக அந்த அம்மையாரின் பெயரும் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு காப்புரிமைச் சட்டத்தை ஆராயத் தொடங்கியது. முதலில் நீதிபதி பக்‌ஷி தேக் சந்த் குழு. அடுத்து 1957இல், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்காரிடம் பொறுப்பு வந்தது. 1959 செப்டம்பரில் அவர் கொடுத்த அறிக்கையைப் பொறுமையாகப் படிப்பவர்கள் இன்றும் அசந்துபோவார்கள். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளில் பத்துக்கு எட்டு ஒன்பது வெளிநாட்டினரிடம் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவற்றில் பெரும்பகுதியை வைத்து இங்கே ஒரு பொருளும் உற்பத்தியாகவில்லை. இறக்குமதிச் சந்தையைக் காவல் காக்கத்தான் அவை பயன்பட்டன. ஜெர்மனி தன் 1877 சட்டத்தில் ரசாயனப் பொருளுக்கே உரிமை தராமல், அதைச் செய்யும் முறைக்கு மட்டும் தந்தது. அங்கே சாயத் தொழில் ஓங்கி வளர்ந்தது. அந்த உதாரணத்தைப் பிடித்துக்கொண்டார் ஐயங்கார். உணவுக்கும் மருந்துக்கும் செய்முறைக் காப்புரிமை போதும் என்றார்.

பரிந்துரை சட்டமாக 11 வருடம் பிடித்தது. 1970இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 20 முதல் அமலுக்கு வந்தது. அதுவரை 16 ஆண்டாக இருந்த காப்புரிமைக் காலம் பொதுவாக 14 ஆனது. மருந்துச் செய்முறைக்கு அதுவும் கிடையாது: விண்ணப்பித்த நாளிலிருந்து 7 ஆண்டு, அல்லது முத்திரையிட்ட நாளிலிருந்து 5 ஆண்டு, இதில் எது குறைவோ அது. மூலக்கூறுக்கு உரிமையே கிடையாது. வெளிநாட்டு மருந்தை வேறொரு வழியில் காய்ச்சி எடுக்கும் கலையில் இந்திய கம்பெனிகள் கைதேர்ந்தன; மருந்து விலை இறங்கியது. பன்னாட்டு மருந்து நிறுவனங்களுக்கு இங்கே வந்து விண்ணப்பிப்பதில் அக்கறை போயிற்று. காப்புரிமை அலுவலகத்துக்கு வரும் காகிதம் குறைந்தது. ஏஜென்ட்களுக்கு அது வறண்ட காலம். நாட்டுக்கு நல்லது நடந்த அதே வேளையில் ஒரு தொழில் இளைத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் அதே சட்டம்தான் ‘பேட்டன்ட் ஏஜென்ட்’ யார் என்பதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. 126ஆம் பிரிவின்படி இந்தியக் குடிமகனாக, 21 வயது நிரம்பியவராக, பட்டதாரியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வழக்கறிஞராக இருக்க வேண்டும். அல்லது தகுதித் தேர்வில் தேற வேண்டும். இந்தக் கதவுகளில் முதல் கதவை வைத்துப் பின்னால் பெரிய சண்டை நடந்தது.

1995 ஜனவரி 1ஆம் தேதி உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தர 2005 வரை இந்தியாவுக்கு அவகாசம் கிடைத்தது. அதுவரை வரும் விண்ணப்பங்களை வாங்கித் தேதி குறித்துப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. தபால் பெட்டி என்றே அதற்குப் பெயர். அந்தப் பெட்டிக்கு முறையான சட்டம் இல்லை என்று அமெரிக்கா தொடுத்த வழக்கில் 1997இல் இந்தியா தோற்றது. 1998 டிசம்பர் 7ஆம் தேதி பாரிஸ் உடன்படிக்கையிலும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலும் இந்தியா சேர்ந்தது. ஏஜென்ட்களின் அன்றாடத்தைத் தலைகீழாக மாற்றியது இந்தக் கடைசி நிகழ்வுதான். ஒரு ஜப்பானிய கம்பெனி தன் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் இந்தியாவில் நுழைந்துகொள்ளலாம். அதற்கு இங்கே ஓர் ஆள் வேண்டும். விண்ணப்பத்துக்குப் படிவம் 1, விவரக் குறிப்புக்குப் படிவம் 2, வெளிநாட்டு விண்ணப்பங்களின் நிலவரத்துக்குப் படிவம் 3, ஏஜென்டுக்கு அதிகாரம் தரும் படிவம் 26, பரிசோதனை கேட்கப் படிவம் 18. இந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஒரு தலைமுறை உருவானது. கெடு தவறினால் கட்சிக்காரரின் உரிமையே காலாவதியாகிவிடும் என்பதால், அறிவியலைவிட நாள்காட்டிக்குப் பயந்தே இங்கே பலருக்கு முடி நரைத்திருக்கிறது.

2004-05இல் நாடு முழுக்க 17,466 விண்ணப்பங்கள் வந்தன. 2022-23இல் 82,811.

இதற்கு இடையில் மஞ்சள் வழக்கு பொதுஜனத்துக்குக் காப்புரிமை என்ற சங்கதியையே அறிமுகப்படுத்தியது. காயத்துக்கு மஞ்சள் தடவினால் ஆறும் என்பதற்கு 1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டது. எங்கள் பாட்டிக்கே தெரியும் என்ற வாதம் அங்கே செல்லாது. அச்சில் இருக்க வேண்டும். ஆர்.ஏ. மஷேல்கர் தலைமையில் இருந்த அரசு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். 32 மேற்கோள்களைத் தேடி எடுத்தது. அவற்றில் பழைய சமஸ்கிருத நூலும் உண்டு, இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953இல் வந்த கட்டுரையும் உண்டு. 1997இல் காப்புரிமை ரத்தானது. அந்தப் பாடத்திலிருந்து வந்ததுதான் பாரம்பரிய அறிவு மின்நூலகம். சித்த மருத்துவத் தமிழ் நூல்களில் உள்ள சரக்கும் சூரணமும் இன்று ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிய, ஜப்பானிய மொழிகளில் வெளிநாட்டுப் பரிசோதகர்களின் கணினியில் வந்து நிற்கின்றன.

இனி சென்னை. 1602/எம்.ஏ.எஸ்./98 என்ற எண்ணைக் காப்புரிமைத் தொழிலில் இருப்பவர்கள் மறப்பதில்லை. எம்.ஏ.எஸ். என்பது மெட்ராஸ், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் இன்றுவரை அதே குறிதான். 1998 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் சென்னை அலுவலகத்தில் போட்ட விண்ணப்பம் அது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் மருந்தில் உள்ள இமாட்டினிப் மெசிலேட்டின் ‘பீட்டா’ படிக வடிவத்துக்கு உரிமை கேட்டது. தபால் பெட்டியில் கிடந்து, 2005இல் வெளியே வந்தது. அந்த ஆண்டு சட்டத்தில் 3(டி) என்ற உட்பிரிவு இப்போதுள்ள வடிவத்தை அடைந்திருந்தது: தெரிந்த பொருளின் புதிய வடிவம் என்றால், அதன் பலன் கூடியிருக்கிறது என்று காட்டியாக வேண்டும். கேன்சர் நோயாளிகள் உதவிச் சங்கமும் நாட்கோ, சிப்ளா, ரான்பாக்ஸி, ஹெட்டெரோ நிறுவனங்களும் எதிர்மனு போட்டன. கிளீவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். உள்ளூர்த் தயாரிப்பு 10,000க்குள். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 3(டி)யே அரசமைப்புக்கு விரோதம் என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதுவும் தள்ளுபடி.

வழக்குக் கட்டுகளைப் பார்த்தால், இரு தரப்பிலும் வாதாடியவர்கள் வழக்கறிஞர்கள்தான். ஆனால் வாதத்தின் எலும்பும் சதையும் வேதியியல். இமாட்டினிபுக்கு முன்னரே இருந்த சிம்மர்மன் காப்புரிமை எந்த உப்புவரை சொல்கிறது, பீட்டா படிகம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றால் அது நோயைத் தீர்க்கும் பலனில் கூடுதலா இல்லையா என்றெல்லாம் போயிற்று. அமர்வுகள் மாறி மாறி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

மேல்முறையீட்டுக்கு இடையில் நின்ற அமைப்பும் சென்னையிலேயே இருந்தது. அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2003இல் தேனாம்பேட்டையில் தொடங்கப்பட்டது. காப்புரிமை வழக்குகள் 2007 ஏப்ரலில் அதன் கைக்கு வந்தன. டெல்லிக்காரர்கள் ஃபைலோடு விமானம் ஏறி அண்ணா சாலைக்கு வந்த காலம் அது. பிரபா ஸ்ரீதேவன் தலைவராக இருந்தபோதுதான் வாரியம் அதிகமாகப் பேசப்பட்டது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்றவர், ஆர். சூடாமணியின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். காப்புரிமைத் தீர்ப்புகளில் தெளிவான உரைநடை அபூர்வம். அவர் தீர்ப்புகளில் அது உண்டு.

2013 மார்ச் தொடங்கி ஏப்ரல் முதல் நாள் வரையிலான நாட்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கலாம். மார்ச் 4ஆம் தேதி அந்த வாரியம், பேயர் நிறுவனத்தின் நெக்ஸாவர் புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க நாட்கோவுக்குக் கொடுத்த கட்டாய உரிமம் சரியே என்றது. பேயரின் விலை மாதத்துக்கு 2,80,000 ரூபாய்க்கு மேல்; நாட்கோ விற்க வேண்டிய விலை 8,880. பேயருக்குத் தர வேண்டிய ராயல்டியை மட்டும் 6லிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கிளீவெக் மேல்முறையீட்டைத் தள்ளியது. உலகப் பத்திரிகைகள் இந்த இரண்டையும் எழுதின. நடுவில் மார்ச் 15ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை வெளியுலகம் கவனிக்கவில்லை. தொழிலுக்குள் இருப்பவர்களுக்கோ அதுதான் சோற்றுப் பிரச்சினை.

விஷயம் இதுதான். 2002 திருத்தம், ஏஜென்டாக அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் கட்டாயம் என்றது. 2005 திருத்தம் இன்னொரு படி போய், வழக்கறிஞர்களுக்கு இருந்த முதல் கதவையே அடைத்தது. அறிவியலும் சட்டமும் படித்தவர்கூட தேர்வு எழுதித்தான் வர வேண்டும். சென்னை வழக்கறிஞர் ஒருவர் இதை எதிர்த்தார். பட்டியலில் உள்ள ஏஜென்டுக்குச் சட்டப் படிப்பு வேண்டியதில்லை, ஆனால் அவர் விசாரணையில் வாதிடலாம். வழக்கறிஞருக்கு மட்டும் தடையா என்பது அவர் கேள்வி. திருத்தம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் கூறி, அறிவியல் பட்டமுள்ள வழக்கறிஞர்களுக்குக் கதவைத் திரும்பத் திறந்தது. கிளெய்ம் எழுதத் தெரிவது சன்னது வாங்கினால் தானாக வந்துவிடுமா என்று தேர்வு எழுதி வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இயந்திரப் பக்கத்துக்கும் சென்னையில் ஒரு பெரிய வழக்கு உண்டு. ஒரு சிலிண்டரில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் பஜாஜின் 1,95,904 எண் காப்புரிமையை, ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். ஃப்ளேம் 125 சி.சி. பைக் மீறுகிறதா என்பது கேள்வி. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதம் அமர்வு அதை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இம்மாதிரி வழக்குகளை அன்றாடம் எடுத்து நான்கு மாதத்துக்குள் முடிக்கச் சொன்னது. கடைசியில் இரு கம்பெனிகளும் சமரசமாகப் போனது 2019இல். ஃப்ளேம் அதற்குள் கடையிலிருந்தே காணாமல் போயிருந்தது.

மேல்முறையீட்டு வாரியமும் நிலைக்கவில்லை. அதன் நியமன விதிகள் சிலவற்றை, சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் தொடுத்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தலைவர் இல்லாமல், தொழில்நுட்ப உறுப்பினர் இல்லாமல் மாதக்கணக்கில் கட்டுகள் தூங்கின. 2021 ஏப்ரலில் ஓர் அவசரச் சட்டம் வாரியத்தையே கலைத்து வழக்குகளை உயர் நீதிமன்றங்களுக்கு அனுப்பியது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தனியாக அறிவுசார் சொத்துப் பிரிவுக்கு விதிகள் வகுத்தது.

இன்று இந்தத் தொழிலுக்குள் வர விரும்பும் எம்.எஸ்சி., பி.இ. பட்டதாரி இரண்டு தாள்களும் ஒரு நேர்முகமும் தாண்ட வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60. இரண்டாம் தாளில்தான் கிளெய்ம் எழுதச் சொல்லித் திணறடிப்பார்கள். தேர்வு வருடா வருடம் நடப்பதும் இல்லை. 2018இல் ஒன்று நடந்தது, அடுத்தது 2023இல்தான். காத்திருக்கும் காலத்தில் ஏதாவது நிறுவனத்தில் சேர்ந்து, மற்றவர் எழுதியதைத் திருத்தியும் முந்தைய கண்டுபிடிப்புகளைத் தேடியும் பழகுவதுதான் நடைமுறை.

கட்சிக்காரர்களும் மாறிவிட்டார்கள். ஐயங்கார் காலத்துக் கணக்கு தலைகீழாகி, இப்போது விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் இந்தியர்களுடையது. அதில் கணிசமான பங்கு கல்லூரிகளுடையது. 2021 செப்டம்பரில் விதிகளைத் திருத்திக் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள்; பெரிய நிறுவனங்களுக்கு 8,000 ரூபாயாக உள்ள விண்ணப்பக் கட்டணம் கல்லூரிக்கு 1,600. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் தரவரிசைக்கும் பதவி உயர்வுக்கும் காப்புரிமை எண்ணிக்கை கேட்கப்படுவதால், பேராசிரியர்கள் கும்பலாகப் பெயர் போட்டு அனுப்பும் விண்ணப்பங்கள் பெருகின. அத்தகைய விண்ணப்பத்தோடு தவறாமல் இன்னொரு காகிதமும் சேர்ந்து போகிறது: சீக்கிரம் வெளியிடக் கோரும் படிவம் 9. பதினெட்டு மாதம் காத்திருக்காமல் ஓரிரு மாதத்தில் இதழில் பெயர் வந்துவிடும். ‘பேட்டன்ட் பப்ளிஷ்டு’ என்று கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் கட்டிவிடலாம். பரிசோதனை கேட்கும் படிவம் 18ஐப் பலர் போடுவதே இல்லை.